புதைபடிவமாதல்: ஒரு சொல்லை எங்கே வைப்பது, எங்கே வைக்கக்கூடாது



ஐந்தாம் படிவக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது. “நாம் தமிழைப் பேசாவிட்டால் நம் மொழி புதைபடிவமாகிவிடும்.” ‘நல்ல சொல்லாட்சி’ என்று ஓரத்தில் எழுதி, ஒரு சரியும் போட்டேன். அடுத்த தாளில் அதே சொல்: “தாத்தாவின் மிதிவண்டி கொட்டகையில் புதைபடிவமாகிக் கிடந்தது.” இன்னொரு மாணவி சிறுகதையில் எழுதியிருந்தாள்: “செய்தியைக் கேட்டதும் அம்மா புதைபடிவமாகி நின்றார்.” அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சொல்லை வகுப்பில் கொடுத்தது நான்தான். சொல்லைக் கொடுத்தேன், பொருளைக் கொடுக்கவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரை அந்த ஒரே சொல்லைப் பற்றியது. அதன் அமைப்பு என்ன, பொருள் என்ன, கட்டுரையில் எங்கே பொருந்தும் என்று பார்ப்போம். கடைசியில் ஆசிரியர்களான நாம் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். அந்தப் பகுதியில் குற்றவாளி நான்தான்.

1. சொல்லின் அமைப்பு

முதலில் எழுத்துப் பிழையைத் தீர்த்துக்கொள்வோம். புதை + படிவம் = புதைபடிவம். இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு, குடிதண்ணீர் போன்ற அமைப்புதான். புதைந்த படிவம், புதைகின்ற படிவம், புதையும் படிவம் என மூன்று காலமும் இதற்குள் மறைந்து நிற்கின்றன. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. எனவே ‘புதைப்படிவம்’ என்று ஒற்றுப் போட்டு எழுதவேண்டாம்.

படிவம் என்றால் வடிவம், உருவம். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கேதான் சிக்கல். படிவம் என்றால் அவர்களுக்கு வகுப்பு. இல்லாவிட்டால் அலுவலகத்தில் நிரப்பிக் கொடுக்கும் தாள். “புதைபடிவம்னா எந்தப் படிவம் டீச்சர்? ஆறாம் படிவமா?” என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், கேள்வி நியாயமானது. தெரிந்த சொல்லை வைத்துத்தானே தெரியாத சொல்லைப் பிடிக்கமுடியும்?

இந்தப் பெயர்ச்சொல்லோடு ‘ஆதல்’ சேர்ந்தால் புதைபடிவமாதல். புதைபடிவமாகிறது, புதைபடிவமானது, புதைபடிவமாகும் என்று காலம் காட்டி எழுதலாம்.

இதே பொருளுக்கு வேறு சொற்களும் உண்டு. தொல்லுயிர் எச்சம் என்பார்கள். இலங்கைப் பாடநூல்களில் உயிர்ச்சுவடு என்ற அழகான சொல் வழங்குகிறது. நிலக்கரி, பெட்ரோலியம் பற்றி எழுதும்போது ‘புதைபடிவ எரிபொருள்’, ‘படிம எரிபொருள்’ இரண்டையும் காண்கிறோம். இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கவிதையில் ‘படிமம்’ என்றால் சொல்லால் மனத்தில் எழுப்பும் காட்சி. அதையும் இதையும் கலக்காமலிருக்கப் புதைபடிவம் என்றே எழுதுவது நல்லது.

மக்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றுக்குக் கல்மரம் என்று பெயர். பார்த்தால் மரம், தொட்டால் கல். இரண்டே சொல்லில் முழு விஷயமும் வந்துவிட்டது பாருங்கள்.

2. சொல்லுக்குள் இருக்கும் அறிவியல்

ஒரு சொல்லை உவமையாகப் பயன்படுத்துமுன் அது குறிக்கும் நிகழ்ச்சி தெரியவேண்டும். ஓர் உயிர் செத்தால் சாதாரணமாக என்ன நடக்கும்? அழுகும். மற்ற உயிர்கள் தின்னும். வெயிலும் மழையும் மிச்சத்தை அழிக்கும். எதுவும் எஞ்சாது. வாழ்ந்த உயிர்களில் மிக மிகச் சிலவே புதைபடிவமாகின்றன.

அதற்கு முதலில் உடல் விரைவாகச் சேற்றிலோ மணலிலோ எரிமலைச் சாம்பலிலோ புதையவேண்டும். மென்மையான சதை பெரும்பாலும் போய்விடும். எலும்பு, பல், ஓடு போன்ற கடினமான பகுதிகள் தங்கும். பிறகு நிலத்தடி நீர் அவற்றின் நுண்துளைகளுக்குள் புகுந்து, சிலிக்கா, கால்சைட்டு போன்ற கனிமங்களைப் படியவைக்கும். பல நேரங்களில் பழைய பொருள் கரைந்துபோய், அதன் இடத்தைக் கனிமம் பிடித்துக்கொள்ளும். கடைசியில் வடிவம் இருக்கும்; உள்ளே இருப்பது கல். திருவக்கரை மரத்தில் மரத்தின் வரிகள் தெரிகின்றன. அடுப்பில் வைத்தால் எரியாது.

எல்லாப் புதைபடிவமும் இப்படித்தான் என்று சொல்லமுடியாது. காலடித் தடம் இறுகிப் பாறையாவதும் உண்டு; மரப்பிசினில் பூச்சி சிக்கி அப்படியே இருப்பதும் உண்டு. ஆனால், கட்டுரையில் நாம் உவமையாக எடுப்பது கல்லாகும் வகையைத்தான்.

நம் நாட்டு எடுத்துக்காட்டு வேண்டுமா? 2014-ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பகாங்கில் டைனசோர் பல்லின் புதைபடிவம் கிடைத்ததை அறிவித்தார்கள். அதே நேரத்தில், லெங்கோங் பள்ளத்தாக்கில் 1991-இல் கண்டெடுத்த ‘பேராக் மனிதன்’ வேறு வகை. அது 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்களே அடக்கம் செய்த ஓர் ஆணின் எலும்புக்கூடு. கட்டுரையில் அதை எலும்புக்கூடு என்றோ தொல்லியல் சான்று என்றோ எழுதுங்கள். பழையதெல்லாம் புதைபடிவம் அல்ல.

இதிலிருந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, வடிவம் எஞ்சும், உள்ளே இருந்தது மாறிவிடும். இரண்டு, நீண்ட காலம் ஆகும். மூன்று, திரும்பி வராது. கல்மரம் மறுபடியும் துளிர்க்காது. உவமை இந்த மூன்றுக்கும் பொருந்தினால் சொல் சரி.

3. வாக்கியங்களைச் சோதிப்போம்

*“தாத்தாவின் மிதிவண்டி கொட்டகையில் புதைபடிவமாகிக் கிடந்தது.”* பொருந்தவில்லை. மிதிவண்டி பழையதாகியிருக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் போட்டு, டயர் மாற்றினால் ஓடும். ‘துருப்பிடித்துக் கிடந்தது’ என்றால் போதும். எளிய சொல் சரியாக இருக்கும்போது பெரிய சொல்லைத் தேடவேண்டாம்.

*“செய்தியைக் கேட்டதும் அம்மா புதைபடிவமாகி நின்றார்.”* இதுவும் பொருந்தவில்லை. அதிர்ச்சி ஒரு நொடியில் வருவது. சற்று நேரத்தில் போவது. இதற்குத் தமிழில் ‘கல்லாய்ச் சமைந்தார்’, ‘சிலையாய் நின்றார்’ என்ற வழக்குகள் இருக்கின்றன. அகலிகை கல்லானாள், இராமனின் கால் தூசு பட்டு மீண்டும் பெண்ணானாள். புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ சிறுகதையில் அவளை மறுபடியும் கல்லாக்கிவிட்டார். ஆக, நம் மரபில் கல்லாவதற்குப் போக்கும் உண்டு, வரவும் உண்டு. புதைபடிவத்துக்கு வரவு கிடையாது.

*“தமிழ் ஒரு வாழும் புதைபடிவம்.”* இதைப் பாராட்டாக நினைத்து எழுதுகிறார்கள். நம் கடற்கரைகளில் காணும் பெலாங்காஸ், அதாவது லாட நண்டு, ‘வாழும் புதைபடிவம்’ எனப்படுகிறது. 40 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறைகளிலும் அதன் இனத்தின் புதைபடிவங்கள் கிடைத்திருப்பதால், உருவம் பெரிதாக மாறாததால் அந்தப் பெயர். தமிழ் அப்படியா? சங்க காலத் தமிழும் இன்று நம் வீட்டில் பேசும் தமிழும் ஒன்றுபோலவா இருக்கின்றன? மாறிக்கொண்டே வந்ததால்தான் தமிழ் நிலைத்திருக்கிறது. பாராட்டுவதாக நினைத்து, மாறாத பொருள் என்று சொல்லிவிடாதீர்கள்.

*“நாம் தமிழைப் பேசாவிட்டால் நம் மொழி புதைபடிவமாகிவிடும்.”* நான் சரி போட்ட வாக்கியம் இது. இப்போது பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன். பேச்சு புதைபடிவமாகாது. ஒலிக்கு எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. எழுத்தில்லாத மொழி பேசுவோர் இல்லாமற்போனால் சுவடே இல்லாமல் மறைந்துவிடும். எழுத்து இருந்தால்தான் வடிவமாவது மிஞ்சும். எனவே, “பேசுவதை நிறுத்திவிட்டு நூல்களை மட்டும் அலமாரியில் வைத்திருந்தால், தமிழ் நம் வீட்டில் புதைபடிவமாகிவிடும்” என்று எழுதினால் பொருந்தும். வடிவம் இருக்கிறது, உயிர் இல்லை. வேறுபாடு தெரிகிறதா?

*“பொருள் மறந்து, சடங்கின் வடிவம் மட்டும் எஞ்சி, அது புதைபடிவமாகிவிட்டது.”* இதற்கு முழு மதிப்பெண். எது எஞ்சியது, எது போனது என்று இரண்டையும் வாக்கியமே சொல்கிறது. இந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் இப்படிச் செய்து பாருங்கள். எஞ்சியது என்ன, போனது என்ன என்று உங்களால் சொல்லமுடியாவிட்டால் சொல்லை மாற்றுங்கள்.

மொழிக்குள்ளேயே உண்மையான புதைபடிவங்கள் இருக்கின்றன. பாடத்திட்டத்தில் வரும் இணைமொழிகளைப் பாருங்கள். ‘தோட்டம் துரவு’ என்று படிக்கிறோம். தோட்டம் நமக்கு நன்றாகத் தெரியும். நம் பாட்டன்மார் வேர்வை சிந்திய ரப்பர்த் தோட்டம் வரைக்கும் தெரியும். துரவு என்றால்? கிணறு. இன்று யாரும் ‘துரவில் தண்ணீர் இறைத்தேன்’ என்று சொல்வதில்லை. அந்தச் சொல் இந்த ஒரு தொடருக்குள் புதைந்து, வடிவம் மட்டும் தங்கியிருக்கிறது. ‘அக்கம் பக்கம்’ என்பதில் பக்கம் தனியே நடமாடுகிறது. அக்கம் அந்தத் தொடரைவிட்டு வெளியே வருவதில்லை. புதைபடிவமாதல் என்றால் என்ன என்று வகுப்பில் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நம் மாதிரிக் கட்டுரைகளிலும் கொஞ்சம் இருக்கிறது, மறைக்கவேண்டாம். ‘இன்றைய நவநாகரிக உலகிலே’ என்று தொடங்கும் முன்னுரை ஆண்டுதோறும் வருகிறது. ஒரு காலத்தில் யாரோ யோசித்து எழுதியதுதான். இப்போது எழுதுபவனும் யோசிப்பதில்லை, திருத்துபவரும் படிப்பதில்லை. முன்னுரையின் வடிவம் மட்டும் இருக்கிறது.

4. ஆசிரியர் அறையில் இந்தச் சொல்

சரி, இப்போது நம் பக்கம் வருவோம்.

மொழி கற்பித்தலில் இந்தச் சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. 1972-இல் லாரி செலிங்கர் என்னும் மொழியியலாளர் ‘இடைமொழி’ பற்றி எழுதிய கட்டுரையில் இதைப் பயன்படுத்தினார். இரண்டாம் மொழி கற்பவர்கள், எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும், சில வடிவங்களை மாற்றாமல் வைத்துக்கொள்கிறார்கள். அந்த நிலைக்கே புதைபடிவமாதல் என்று பெயர் கொடுத்தார். பட்டயப் படிப்பில் நம்மில் பலர் இதைப் படித்திருப்போம். நானும் அங்கேதான் படித்தேன். படித்துவிட்டு வந்து பயன்படுத்தவும் செய்தேன்.

நான்காம் படிவத்தில் ஒரு மாணவன். நன்றாகப் பேசுவான், கதை சொல்வான். எழுதினால் ஒரே பிழை திரும்பத் திரும்ப வரும். ‘பறவைகள் பறந்தது.’ ‘மரங்கள் சாய்ந்தது.’ ‘கடைகள் மூடியிருந்தது.’ சிவப்பு மையில் எத்தனை முறை ‘பறந்தன’ என்று எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அரையாண்டு அறிக்கையில் குறிப்பு எழுதும் இடத்தில், ‘ஒருமை பன்மைப் பிழைகள் புதைபடிவமாகிவிட்டன’ என்று எழுதினேன். சொல் நன்றாக விழுந்தது என்ற திருப்திகூட இருந்தது.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவன் அம்மா அந்தத் தாளை என் முன்னே வைத்து விரலால் காட்டினார். “டீச்சர், இது என்னா நோயா? மருந்து ஏதும் எடுக்கணுமா?”

“இல்லம்மா, அப்படி இல்ல...” என்று நான் தொடங்குமுன், பக்கத்தில் நின்ற மகன் மெதுவாகச் சொன்னான்: “நோய் இல்லம்மா. செத்துக் கல்லாப் போச்சுன்னு அர்த்தம்.”

அவன் பொருளைச் சரியாகத்தான் சொன்னான். அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறான். எனக்குத்தான் பதில் வரவில்லை. அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த பையன் அவன். இடைநிலைப்பள்ளியில் தமிழ் எடுக்கும் ஒவ்வொரு மாணவனையும் எப்படித் தக்கவைத்துக்கொள்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படிப்பட்ட நேரத்தில் அவன் கையில் நான் கொடுத்த தாள் இது.

வீட்டுக்குப் போய், நான் படித்ததையே மறுபடி படித்துப் பார்த்தேன். என் தவறு இரண்டு இடத்தில் இருந்தது.

முதலாவது, செலிங்கர் பேசியது இரண்டாம் மொழி கற்பவர்களைப் பற்றி. இந்தப் பையனுக்குத் தமிழ் வீட்டு மொழி. நம் பேச்சில் ‘பறவ பறந்துச்சு’, ‘பறவைங்க பறந்துச்சு’ இரண்டுக்கும் ஒரே வினைமுற்றுதான். நானும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறேன், நீங்களும் அப்படித்தான். அவன் பேச்சை எழுத்தாக்கும்போது ‘பறந்துச்சு’ என்பதைப் ‘பறந்தது’ என்று மாற்றினான். அது சரியான மாற்றமும்கூட. பன்மைக்கு எழுத்துத் தமிழில் இன்னொரு வடிவம் இருக்கிறது என்பதைத்தான் அவன் பிடிக்கவில்லை. செத்த மொழியின் எலும்பு அல்ல அது. உயிருள்ள பேச்சு தாளுக்கு வந்திருக்கிறது.

இரண்டாவது, புதைபடிவமாகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்வது அவ்வளவு எளிதல்ல. மைக்கேல் லாங் என்னும் ஆய்வாளர் 2003-இல் எழுதிய கட்டுரையில், ஒரு வடிவம் சில காலம் நிலைபெற்றிருப்பது வேறு, இனி மாறவே மாறாது என்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். இரண்டாவதை நிறுவுவது மிகக் கடினம் என்பது அவர் வாதம். நான் ஓர் அரையாண்டில் நிறுவிவிட்டேன்!

“அப்படியானால் மாறாத பிழையே கிடையாதா?” என்று கேட்பீர்கள். கேள்வி சரிதான். பெரியவர்களிடமும் சில பிழைகள் பல ஆண்டுகள் இருக்கின்றன. நானே ‘முயற்சி’யை ‘முயற்ச்சி’ என்று எழுதிக்கொண்டிருந்தவள். பள்ளியில் யாரும் பிடிக்கவில்லை. ஆசிரியராகி, பட்டயப் படிப்பில் சேர்ந்த பிறகு ஒரு விரிவுரையாளர் வட்டமிட்டு, ‘றகரத்துக்குப் பின் இன்னொரு மெய் வராது’ என்று ஒரே வரி எழுதினார். அதோடு போயிற்று. இருபது ஆண்டுப் பழக்கம் அது. அவர் அதைப் புதைபடிவம் என்று எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

அதனால் ஒரு மாற்றுச் சொல்லை முன்வைக்கிறேன்: படிந்த பிழை. கறை படிகிறது, தூசு படிகிறது, பழக்கம் படிகிறது. படிந்தது எளிதில் போகாது, தேய்க்கவேண்டும். ஆனால், தேய்த்தால் போகும். ‘பன்மைப் பிழை படிந்திருக்கிறது, பயிற்சி தேவை’ என்று எழுதினால் அம்மாவுக்கும் புரியும், மகனுக்கும் வேலை இருக்கிறது என்று தெரியும், ஆசிரியருக்கும் வேலை இருக்கிறது என்று தெரியும். புதைபடிவம் என்று எழுதியபோது என் வேலை முடிந்துவிட்டது என்றல்லவா எழுதியிருக்கிறேன்!

அந்தப் பையனுக்கு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கட்டுரையை எழுதி முடித்ததும், ‘கள்’ விகுதி வரும் அஃறிணைச் சொற்களை மட்டும் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் அதன் வினைமுற்றைத் தேடி அம்புக்குறி போடச் சொன்னேன். சிவப்பு மையை நான் எடுக்கவில்லை. முதல் சில வாரங்கள் அலுத்துக்கொண்டான். பிறகு அவனே அடித்துத் திருத்தத் தொடங்கினான். முன்னோட்டத் தேர்வுத் தாளில் இரண்டு இடத்தில் இன்னும் ‘விழுந்தது’ இருந்தது. மூன்று இடத்தில் ‘தது’வை அடித்து ‘தன’ என்று மாற்றியிருந்தான். அந்த மூன்று அடித்தலுக்கும் பக்கத்தில் நான் சரி போட்டேன். தமிழை அவன் விடவில்லை.

5. வகுப்பில் செய்து பார்க்க

கீழ்க்காணும் வாக்கியங்களில் பொருத்தமான சொல்லை மாணவர்கள் தேர்ந்தெடுத்து, காரணத்தையும் எழுதட்டும். காரணம் எழுதாத விடைக்கு மதிப்பெண் வேண்டாம்.

சொற்கள்: புதைபடிவமாகியுள்ளது, கல்லாய்ச் சமைந்தான், துருப்பிடித்துவிட்டது, படிந்துவிட்டது, சுவடின்றி மறைந்தது

அ) எழுத்து வடிவம் பெறாத அந்த மொழி, கடைசியாகப் பேசியவர் இறந்ததும் ______.
ஆ) கதவைத் திறந்து, வீடு வெறுமையாக இருப்பதைக் கண்டதும் அவன் ______.
இ) ‘துரவு’ என்னும் சொல் ஓர் இணைமொழிக்குள் ______.
ஈ) பல நாள் மழையில் நனைந்த பூட்டு ______.
உ) லகர ளகரத்தை மாற்றி எழுதும் பழக்கம் அவளிடம் ______.

ஆசிரியர்களுக்கும் ஒரு பயிற்சி. நீங்கள் கடைசியாக எழுதிய அறிக்கையை எடுத்து, குறிப்புப் பகுதியை ஒருமுறை படியுங்கள். மாணவனின் அம்மா அதை உங்கள் முன்னே வைத்து, “இதுக்கு என்னா அர்த்தம் டீச்சர்?” என்று கேட்டால், நேராகப் பார்த்துப் பதில் சொல்லமுடிகிறதா என்று பாருங்கள். முடியாத சொல் இருந்தால் மாற்றிவிடுங்கள்.